மெட்டாவின் 2.44 கோடி டாலர் லாபிச் செலவு: அந்தப் பணம் யாரிடம் போகிறது?

"மெட்டா நிறுவனம் 2024-ல் அமெரிக்க அரசிடம் லாபி செய்ய 2.44 கோடி டாலர் செலவழித்ததாகப் படித்தேன். இது சட்டப்பூர்வமான லஞ்சம்தானே? இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். லாபி என்றால் சட்டமோ கொள்கையோ தனக்குச் சாதகமாக அமையும்படி அரசில் இருப்பவர்களிடம் பேசுவது. பல ஆண்டுகளாக அமெரிக்கக் கம்பெனிகள் தாக்கல் செய்யும் லாபிச் செலவு அறிக்கைகளைக் காலாண்டு தவறாமல் படித்து வருபவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லஞ்சம் இல்லை. அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தமும் இல்லை. லஞ்சத்தைவிட இதைப் புரிந்துகொள்வது கடினம். லஞ்சம் என்றால் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், கைமாறிய தொகை இவ்வளவு என்று விரல் விட்டுச் சொல்லிவிடலாம். லாபியிங்கில் அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் பணத்தின் வழியைப் பார்ப்போம். அந்த 2.44 கோடி டாலரிலிருந்து, அதாவது நம் கணக்கில் சுமார் 200 கோடி ரூபாயிலிருந்து, எந்த எம்.பி.யின் கைக்கும் ஒரு காசு போகாது. மெட்டாவின் வாஷிங்டன் அலுவலகத்தில் இந்த வேலை பார்ப்பவர்களின் சம்பளம், வெளியிலிருந்து அமர்த்திய லாபி நிறுவனங்களுக்கான கட்டணம், தொழில் சங்கங்களுக்குக் கட்டும் சந்தாவில் லாபிக்கான பங்கு, அலுவலகச் செலவு ஆகியவற்றுக்குத்தான் போகிறது. கம்பெனி தன் கஜானாவிலிருந்து நேரடியாக வேட்பாளருக்குத் தேர்தல் நிதி தருவதை 1907-லேயே தடை செய்துவிட்டார்கள். ஊழியர்கள் தாங்களாக முன்வந்து கொடுக்கும் பணத்தைத் திரட்டி ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை தரலாம். அது தனிக் கணக்கு, இந்த 2.44 கோடியில் சேராது.

பரிசுப்பொருள் விஷயத்திலும் கெடுபிடி உண்டு. ஜாக் அப்ரமாஃப் என்ற லாபியிஸ்ட் 2006-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே சட்டத்தை இறுக்கினார்கள். பதிவு செய்த லாபியிஸ்ட் ஒரு எம்.பி.யை உட்காரவைத்து இலை போட்டுச் சாப்பாடு போட முடியாது. வரவேற்பு நிகழ்ச்சியில் நின்றபடி கையில் எடுத்துச் சாப்பிடும் சின்னச் சின்னப் பலகாரங்களுக்கு மட்டும் அனுமதி. வாஷிங்டன்காரர்கள் இதைப் 'பல்குத்தும் குச்சி விதி' என்கிறார்கள். குச்சியில் குத்திச் சாப்பிடுகிற அளவுக்குத்தான் உபசாரம் என்பது கணக்கு.

அப்படியானால் மெட்டா எதைத்தான் வாங்குகிறது? ஆட்களை வாங்குகிறது. அந்த ஆட்கள் மூலம் நேரத்தையும் வார்த்தைகளையும் வாங்குகிறது.

அமெரிக்க எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் தொழில்நுட்பம் பார்க்கும் உதவியாளர் பெரும்பாலும் இளவயதுக்காரர். அவரே இன்னும் நாலைந்து துறைகளையும் சேர்த்துப் பார்ப்பார். இருநூறு பக்க மசோதா ஒன்று மேசைக்கு வருகிறது, இரண்டு நாளில் கமிட்டி கூடுகிறது. அந்த நேரத்தில் மசோதாவை வரிவரியாகப் படித்து, 'பதினான்காம் பக்கத்தில் இந்தச் சொல் இப்படி இருந்தால் உங்கள் தொகுதியின் சின்ன வியாபாரிகளுக்குப் பாதிப்பு, பதிலாக இப்படி எழுதலாம்' என்று இரண்டு பக்கக் குறிப்போடு ஒருவர் வந்து உட்கார்கிறார். மூன்று வருடம் முன்பு இதே அலுவலகத்தில், இதே நாற்காலியில் வேலை பார்த்தவராகக்கூட அவர் இருக்கலாம். அவர் மிரட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை, உதவி செய்கிறார். எதிர்த்தரப்புக்கு, அதாவது பிள்ளைகளின் போன் பழக்கத்தை நினைத்துத் தவிக்கும் பெற்றோருக்கோ தனியுரிமை அமைப்புகளுக்கோ, அதே இரண்டு நாளில் அதே மேசைக்கு வந்து சேர அத்தனை ஆட்கள் இல்லை. எனக்கு இதில் உறுத்துவது இதுதான். மெட்டாவுக்கு 2024-ல் பதிவு செய்த லாபியிஸ்ட்டுகள் அறுபதுக்கும் மேல். காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், மொத்த உறுப்பினர்களே 535 பேர்.

இனி அறிக்கைக்கு வருவோம். அதன் பெயர் எல்.டி-2. ஒவ்வொரு காலாண்டும் முடிந்து இருபது நாளுக்குள், அதாவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் இருபதாம் தேதி வாக்கில், செனட் செயலகத்துக்கும் பிரதிநிதிகள் சபையின் செயலகத்துக்கும் தாக்கல் செய்ய வேண்டும். 1995-ல் வந்த சட்டம் இது. அப்போது ஆண்டுக்கு இரண்டு முறை என்று இருந்ததை 2007-ல் நான்கு முறை ஆக்கினார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

படிவம் எளிமையானது. பதிமூன்றாம் வரியில் செலவுத் தொகை இருக்கும், பத்தாயிரம் டாலருக்கு முழுமைப்படுத்தப்பட்டு. 2024-ன் முதல் காலாண்டில் மெட்டா அங்கே எழுதியது 76 லட்சத்து 40 ஆயிரம் டாலர். செய்தித்தாள்கள் எடுத்துப் போடுவது இந்த ஒரு வரியைத்தான். நான் முதலில் பார்ப்பது பதினான்காம் வரி. செலவை எந்த முறையில் கணக்கிட்டோம் என்று அங்கே ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். லாபிச் சட்டத்தின் வரையறைப்படியும் கணக்கிடலாம், வருமான வரிச் சட்டத்தின் வரையறைப்படியும் கணக்கிடலாம். வரிச் சட்ட வரையறையில் மாநிலச் சட்டமன்றங்களில் செய்த லாபிச் செலவும் வந்துவிடும். எனவே இரண்டு கம்பெனிகளின் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இவன் அவனைவிட அதிகம்' என்று சொல்வதற்கு முன்பு, இருவரும் ஒரே கட்டத்தைக் குறித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். இன்னொன்று: வெளி லாபி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தைத் தனியாகத் தாக்கல் செய்யும். காலாண்டுக்கு 50 ஆயிரம், 60 ஆயிரம் டாலர் என்ற தொகைகள் அங்கே சாதாரணமாகக் கண்ணில் படும். அது ஏற்கெனவே மெட்டாவின் செலவுக்குள் அடங்கியது. இரண்டையும் கூட்டினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

அதற்குக் கீழேதான் விஷயம் இருக்கிறது. எந்தத் துறை என்று மூன்றெழுத்துக் குறியீடு, எந்தெந்த மசோதாக்கள், எந்தெந்த அமைச்சகங்கள், எந்தெந்த லாபியிஸ்ட்டுகள் என்று வரிசையாக எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த லாபியிஸ்ட் முன்பு அரசில் முக்கியப் பொறுப்பில் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இவ்வளவையும் கேட்கும் படிவம் இரண்டு கேள்விகளைக் கேட்பதில்லை. அந்த மசோதாவை ஆதரித்தீர்களா, எதிர்த்தீர்களா? எந்த மசோதாவுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்? இந்த இரண்டுக்கும் படிவத்தில் இடமே கிடையாது.

குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். செனட்டில் 2024 ஜூலை 30 அன்று 91-க்கு 3 என்ற வாக்கில் நிறைவேறியது. இன்றைய அமெரிக்காவில் இரண்டு கட்சியும் இப்படிச் சேர்ந்து வாக்களிப்பது அபூர்வம். ஆனாலும் பிரதிநிதிகள் சபையில் முழு வாக்கெடுப்புக்கே வராமல் அந்தக் கூட்டத்தொடரோடு காலாவதியானது. மெட்டாவின் அறிக்கைகளில் இந்த மசோதாவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. என்ன பேசினார்கள், எந்தப் பத்தியை மாற்றச் சொன்னார்கள் என்று அறிக்கையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினித் துறைக்கு ஆரம்பத்தில் வாஷிங்டன் என்றாலே ஆகாது. 1990-களின் நடுவில் உலகின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனியான மைக்ரோசாஃப்ட் தலைநகருக்கு அனுப்பிய லாபியிஸ்ட் ஒரே ஒருவர். அவரும் நகருக்கு வெளியே, கம்பெனியின் விற்பனை அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார். 1998 மே மாதம் அமெரிக்க நீதி அமைச்சகம் அதன்மீது ஏகபோக வழக்குப் போட்டது. கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொல்லி 2000-ல் ஒரு நீதிபதி உத்தரவே போட்டார், மேல்முறையீட்டில்தான் தப்பித்தார்கள். அதே 2000-ல் மைக்ரோசாஃப்ட்டின் லாபிச் செலவு 60 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அடுத்து வந்தவர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. கூகுள் 2003-ல் செலவழித்தது வெறும் 80 ஆயிரம் டாலர். 2017-ல் 1.8 கோடி டாலரோடு அமெரிக்கக் கம்பெனிகளிலேயே முதலிடம். மெட்டா, ஃபேஸ்புக் என்ற பழைய பெயரில், 2009-ல் சுமார் 2 லட்சம் டாலர், 2013-ல் 64 லட்சம். பயனர்களின் தகவல்கள் அவர்களின் அனுமதியின்றி எடுக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்து மார்க் சக்கர்பெர்க் செனட் முன்பு உட்கார்ந்த 2018-ல் 1.26 கோடி. 2020-ல் ஏறக்குறைய 2 கோடி.

மெட்டாவின் 2024 வருமானம் 16,450 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.87 கோடி டாலர். ஆண்டு முழுவதற்குமான லாபிச் செலவு, கம்பெனி சுமார் 1.3 மணி நேரத்தில் ஈட்டும் பணம். தொகை பெரிதாக இருக்கிறதே என்று எல்லோரும் அதிர்கிறார்கள். எனக்கு அது எவ்வளவு மலிவு என்பதுதான் அதிர்ச்சி.

அந்த மலிவான பணத்தில் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் வீடுகளைத் தொட்ட உதாரணம் ஒன்று இருக்கிறது.

2013-ல் செனட்டில் ஒரு பெரிய குடியேற்ற மசோதா வந்தது. ஊழியர்களில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எச்-1பி விசாக்காரர்களாக இருக்கும் பெரிய கம்பெனியை 'எச்-1பி-யைச் சார்ந்த நிறுவனம்' என்று 1998 முதலே சட்டம் தனியாகப் பிரித்து வைத்திருந்தது. இந்தப் புதிய மசோதா அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. வாடிக்கையாளர் இடத்துக்கு ஆட்களை அனுப்பி வேலை செய்யவைப்பதற்குத் தடை, விசாக்காரர்கள் பாதிக்கு மேல் இருந்தால் ஒரு விசாவுக்கு 10,000 டாலர் கூடுதல் கட்டணம், சில ஆண்டுகளில் புதிய விசாவே கிடையாது என்றெல்லாம் இருந்தது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், 1994-ல் சென்னையில் பிறந்த காக்னிசன்ட் ஆகியவற்றின் தொழில்முறையை நேராகக் குறிவைத்த விதிகள்.

ஃபேஸ்புக்கும் அப்போது அந்த 15 சதவீதக் கோட்டைத் தாண்டியிருந்தது. மசோதாவுக்குள் ஒரு சின்ன வரையறை நுழைந்தது: 'குடியேற உத்தேசித்திருப்பவர்'. கிரீன் கார்டுக்குக் கம்பெனி விண்ணப்பித்துவிட்ட ஊழியரை எச்-1பி எண்ணிக்கையில் சேர்க்கத் தேவையில்லை என்பது அதன் பொருள். ஃபேஸ்புக் போன்ற கம்பெனிகள் பெரும்பாலான ஊழியர்களுக்குக் கிரீன் கார்டு போட்டுவிடும். எண்ணிக்கை சட்டென்று 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். இந்திய ஐ.டி. சேவை நிறுவனங்கள் அத்தனை பேருக்குப் போடுவதில்லை, ஆகவே வலையில் நிற்பவர்கள் அவர்கள் மட்டும். ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களின் லாபியிஸ்ட்டுகள் இந்த விதிவிலக்குக்காகப் பாடுபட்டதை அமெரிக்கப் பத்திரிகைகள் அன்றே எழுதின. இந்தியத் தரப்பில் ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் எதிர்த்துப் போராடியது. செனட்டில் 2013 ஜூன் 27 அன்று 68-க்கு 32 என்று மசோதா நிறைவேறியது, அந்த வரையறையோடு. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை, சட்டமாகவும் ஆகவில்லை.

ஒருவேளை சட்டமாகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே கல்லூரியில் படித்து, ஒரே விசாவில் போன இரண்டு நண்பர்கள். ஒருவர் கலிஃபோர்னியாவில் ஃபேஸ்புக்கில், இன்னொருவர் நியூ ஜெர்சியில் ஒரு வங்கிக்கு சேவை கொடுக்கும் ஐ.டி. கம்பெனியில். முதல் நண்பரை அந்த இரண்டு மூன்று சொற்கள் காப்பாற்றியிருக்கும், இரண்டாம் நண்பர் ஊருக்குத் திரும்பியிருப்பார். லாபியிங் என்று நான் சொல்வது இதைத்தான். எவரும் எவரிடமும் பெட்டி கொடுக்கவில்லை. ஒரு வரையறைக்குள் ஒரு சொற்றொடர் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

லாபி எப்போதுமே ஊருக்குக் கேடு என்றும் நான் சொல்லவில்லை. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பை நீக்கும் மசோதா 2019-ல் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. இதே தொழில்நுட்பக் கம்பெனிகள் அதை ஆதரித்தன. வருடக்கணக்காகக் காத்திருந்த இந்தியக் குடும்பங்களும் சொந்தச் செலவில் வாஷிங்டன் போய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கின. அதுவும் லாபிதான். அரசிடம் முறையிடும் உரிமை அவர்களின் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. செனட் அடுத்த ஆண்டு வேறு வடிவில் நிறைவேற்றியது, இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் காலம் முடிந்துவிட்டது.

பணம் போட்டால் ஜெயித்துவிடலாம் என்பதும் உண்மையில்லை. டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் 2019-ல் 2.7 லட்சம் டாலர் செலவழித்தது, 2023-ல் 87 லட்சம். 2024 மார்ச்சில் செயலியைத் திறந்தவர்களுக்கு, 'உங்கள் எம்.பி.க்கு போன் செய்யுங்கள்' என்று திரையில் அறிவிப்பு காட்டினார்கள். எம்.பி. அலுவலகங்களின் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன, பள்ளிப் பிள்ளைகள்கூடப் பேசினார்கள். அதே நாளில் கமிட்டி, பைட்டான்ஸ் டிக்டாக்கை விற்காவிட்டால் அதைத் தடை செய்யும் மசோதாவை 50-க்கு 0 என்று நிறைவேற்றியது. ஆறு நாள் கழித்துச் சபையில் 352-க்கு 65. ஒரு செயலி இத்தனை பிள்ளைகளை ஒரே காலையில் அசைக்கும் என்பதை எம்.பி.க்கள் கண்ணால் பார்த்ததே கம்பெனிக்கு எதிராகத் திரும்பியது.

என் அனுபவத்தில், ஒன்றை நடத்தி வைப்பதைவிட நடக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் லாபியின் பலம் தெரியும். மெட்டா, கூகுள், அமேசான், ஆப்பிள் ஆகியவை தங்கள் தளத்தில் தங்கள் பொருளுக்கே முன்னுரிமை தருவதைத் தடுக்க ஏமி குளோபஷர், சக் கிராஸ்லி என்ற இரு கட்சி செனட்டர்கள் கொண்டுவந்த மசோதா 2022 ஜனவரியில் கமிட்டியில் 16-க்கு 6 என்று நிறைவேறியது. அந்த வருடம் முழுவதும் செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. எதிர்த்து வாக்களித்து ஒருவரும் பழி சுமக்கவில்லை. 'இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்' என்று போதுமான பேர் தயங்கினார்கள், 2023 ஜனவரியில் அது தானாகவே காலாவதியானது.

லாபிச் சட்டத்தின் வரையறைப்படி கணக்கிட்டால், அந்த மசோதாவுக்கு எதிராகத் தொலைக்காட்சியில் ஓடிய விளம்பரங்கள் எல்.டி-2 கணக்கில் வராது. மக்களிடம் பேசுவது அந்த வரையறையில் லாபி ஆகாது. ஆய்வு நிறுவனங்களுக்குத் தரும் நன்கொடை வராது. ஒருவர் ஒரு கம்பெனிக்காகச் செய்யும் வேலையில் இருபது சதவீத நேரத்துக்குக் குறைவாகவே லாபி செய்தால் அவர் லாபியிஸ்ட்டாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. தலைமை நிர்வாகி தானே செனட்டருக்கு போன் போட்டால், அந்த அழைப்பு அவர் பெயரோடு எந்தப் பட்டியலிலும் ஏறாது. அப்போது ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் அந்த மசோதாவுக்கு எதிராகச் செனட்டர்களிடம் நேரடியாகப் பேசினார். அறுபது லாபியிஸ்ட்டுகளின் வேலையைவிட அப்படி ஒரு போன் கனமானது.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அமெரிக்காவில் எல்லாம் மோசம்' என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றம் ஸ்தம்பித்தது ஞாபகம் இருக்கலாம். வால்மார்ட் 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர், அப்போதைய செய்திகளின்படி 125 கோடி ரூபாய், லாபிக்குச் செலவழித்ததும், அந்த விஷயப் பட்டியலில் இந்தியச் சந்தையில் முதலீட்டு வாய்ப்பு என்று ஒரு வரி இருந்ததும்தான் காரணம். சில்லறை வணிகத்தில் அன்னிய முதலீடு பற்றி மக்களவையில் வாக்கெடுப்பு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. 125 கோடியும் டெல்லியில் இறைத்த பணம் என்று பலர் பேசினார்கள். அந்தத் தொகை அமெரிக்க அரசிடம், ஏராளமான விஷயங்களுக்காகச் செய்த மொத்தச் செலவு. இந்தியா அதில் ஒரு வரி. மசோதாவாரியாகத் தொகை கேட்காத படிவம் என்று மேலே சொன்னேனே, அந்தக் குழப்பம்தான் இது. ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு போட வேண்டியதாயிற்று.

அந்த விசாரணைக்குப் பிறகும் லாபிக்கென்று ஒரு பதிவுச் சட்டம் இந்தியாவில் வரவில்லை. எந்தக் கம்பெனி எந்த அமைச்சகத்தின் கதவைத் தட்டியது, எந்த மசோதாவுக்காகத் தட்டியது, யாரை அனுப்பியது என்று காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் படிவம் நம்மிடம் இல்லை. மெட்டாவுக்கும் கூகுளுக்கும் மிகப் பெரிய பயனர் கூட்டம் இருக்கும் நாடுகளில் ஒன்று நம்முடையது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இங்கே நிறைவேறியது. அதற்கு முந்தைய வரைவுகளிலிருந்து எந்தெந்த வரி யார் சொல்லி மாறியது என்று அறிய, எல்.டி-2 போல ஓட்டைகள் நிறைந்த ஒரு காகிதம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

நண்பருக்கு ஒரு யோசனை. அடுத்த காலாண்டு முடிந்து இருபதாம் தேதி தாண்டியதும் செனட் செயலகத்தின் லாபிப் பதிவு இணையதளத்தில் மெட்டாவின் அறிக்கையைத் திறந்து பாருங்கள். தொகையை விட்டுவிட்டுப் பதினாறாம் வரிக்குப் போங்கள், மசோதாக்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கும். முந்தைய காலாண்டு அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, எந்தப் பெயர் புதிதாக ஏறியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பெயர்களைக் காங்கிரஸின் இணையதளத்தில் தேடி, மசோதா எந்தக் கமிட்டியில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.